லம்பாங் வெயிலில் ஒரு பனிநாட்டு நாய்

எங்கள் தெருவில் சலவைக்கடை வைத்திருக்கும் ரச்சனீக்கு நாய் வளர்க்கும் ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. அந்த ஹஸ்கி நாயை வாங்கியது ஓய் என்ற அவள் மகளும் மகளின் காதலனும். காதலன் விட்டுப் போனான். ஓய்க்குப் பாங்காக்கில் வேலை கிடைத்தது. அவள் தங்கிய அறையில் நாய்க்கு அனுமதியில்லை. ஹிமா என்ற அந்த நாய் மட்டும் வடதாய்லாந்தின் லம்பாங் வெயிலில் ஓநாய்போல் வளர்ந்து நின்றது.

வெயில் ஏறினால் தார்ச்சாலையில் நாயின் பாதம் வெந்துபோகும். அதனால் ரச்சனீ விடியுமுன்னே அதை நடத்திக்கொண்டு போவாள். பிறகு தரையில் ஈரச்சாக்கு விரித்து, பாட்டிலில் உறைய வைத்த தண்ணீரைத் துண்டில் சுற்றி அதன் வயிற்றோரம் வைத்து, மின்விசிறியைத் திருப்பிவிட்டுக் கடைக்கு ஓடுவாள். அங்கே நாள் முழுக்க இஸ்திரிப்பெட்டி. மதியம் வந்து நாயின் வயிற்றிலும் பாதத்திலும் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி கடைக்கு.

"என்னக்கா, மருமகனுக்கு ஃபேன், மாமியாருக்குப் பனையோலை விசிறியா?" என்று நாயைக் காட்டிக் கேலி செய்வான் எதிர்வீட்டுத் தோங். பிக்கப் வண்டி ஓட்டுபவன்.

"நீ வேணா வந்து வீசி விடேன்."

"மொட்டையடிச்சு விடுங்க, குளுகுளுன்னு இருக்கும்."

"நாய் பாக்குற டாக்டரம்மா கூடாதுன்னாங்க. அந்த முடிதான் வெயிலையும் தடுக்குதாம். பேசாம போடா, வாய் வலிக்குது எனக்கு."

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு பிற்பகல், கடையில் இஸ்திரிப்பெட்டியின் விளக்கு சட்டென்று அணைந்தது. மின்சாரம் போய்விட்டது. வீட்டிலும் விசிறி நின்றிருக்கும் என்று அவளுக்கு உறைத்தது. தேய்த்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

தகரக் கூரையின் கீழ் வீடு அடுப்பாகக் காய்ந்தது. ஹிமா பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. நாக்கு கருஞ்சிவப்பாய் வெளியே தள்ளியிருந்தது. கூப்பிட்டதற்குக் கண்கூட அசையவில்லை.

சத்தம் கேட்டு ஐஸ் மூட்டையோடு வந்தான் தோங்.

"இதுல படுக்க வைப்போம்க்கா."

"ஐஸ்ல போட்டா உடம்பு அதிர்ந்துரும். குழாய்த் தண்ணி புடி. வண்டிய எடு."

நனைய நனைய வண்டியின் பின்புறம் ஏற்றினார்கள். அவள் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் வாளித் தண்ணீரைக் கையால் அள்ளித் தெளித்தபடி வந்தாள். அழவில்லை. அழத் தெம்பும் இல்லை.

ஹிமா பிழைத்தது. ஆனால் டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார்.

"அடுத்த தடவை தாங்காது. மலையில எங்கண்ணன் காப்பித்தோட்டம் வச்சிருக்காரு. அங்க விடுறீங்களா?"

ரச்சனீ மகளுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, அது என் நாய்."

"சரி. வந்து கூட்டிட்டுப் போ."

"ஒரு வாரம் குடு, யோசிச்சுச் சொல்றேன்."

"வெயில் உனக்காக ஒரு வாரம் நிக்காதுடி. எனக்கும் முடியல."

மறுநாளே தோங்கின் வண்டியில் மலையேறினார்கள். தோட்டத்தில் ஹிமா இறங்க மறுத்தது. கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் மண்ணை மோந்து திரிந்தது. பிறகு காப்பிச் செடிகளின் நிழலில் ஈரமண்ணைப் பறித்துப் படுத்துத் தூங்கிப்போனது.

ரச்சனீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நாயின் வாய் மூடியிருந்தது. இத்தனை வருஷத்தில் அது மூச்சிரைக்காமல் கிடந்ததை அவள் பார்த்ததே இல்லை. எதுவோ தப்பாகிவிட்டதோ என்று மூக்கருகே கைவைத்துப் பார்த்தாள். பிறகு அவளும் அங்கேயே சாய்ந்து கண்ணயர்ந்தாள்.

தோங் எழுப்பினான்.

"கிளம்பலாமா? அத எழுப்பிச் சொல்லிட்டு வரீங்களா?"

"வேணாம். தூங்கட்டும்."

இறங்கும் வழியில் முதல்முறையாகத் தோங் கேலி பேசவில்லை.

புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு ஓய் ஊருக்கு வந்தாள். அம்மாவிடம் முகங்கொடுத்துப் பேசாமல் தனியாக மலைக்குப் போய்வந்தாள். கடைக்குத் திரும்பியவளிடம் ரச்சனீதான் கேட்டாள்.

"அடையாளம் தெரிஞ்சுதா?"

"ஓடி வந்து மேல ஏறுச்சு. வண்டிகிட்ட கூப்பிட்டேன். வரலம்மா."

ரச்சனீ தலையை ஆட்டிவிட்டு இஸ்திரிப்பெட்டியைக் கையில் எடுத்தாள். ஓய் எதிரில் உட்கார்ந்து துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.