மைதானத்தில் வரைந்த வளைவுகள்

தேனிப் பக்கத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் கணிதம் நடத்துகிறேன். அன்று இரண்டாம் ஆண்டுக்கு வளைவு ஆரம். ஒரு கோடு எவ்வளவு கூர்மையாகத் திரும்புகிறது என்பதை, அந்த இடத்தில் அதோடு ஒட்டிப் பொருந்தும் வட்டத்தின் ஆரத்தால் சொல்வது. எல்லாருடைய கண்ணும் பலகையில் இருந்தது, மனசு எங்கோ. மேகமலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவியிடம், "உங்க ஊர் ரோட்டுல வளைவு வந்தா என்னம்மா ஆகும்?" என்று கேட்டேன்.

"வாந்தி வரும் மேம்."

வகுப்பு சிரித்தது. எந்த வளைவில் அதிகம் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "சட்டுன்னு ஒடிச்சுத் திருப்புவாகல்ல, அங்கன," என்றாள்.

பாடமே அதுதான். அத்தனை பேரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். சுண்ணாம்புத் தூளால் வளைவுகள் வரைந்து, அவற்றின் மேல் ஓடச் சொன்னேன். பிறகு ஆரத்துக்குக் கயிறு பிடித்து, ஒவ்வொரு வளைவிலும் வட்டம் பொருத்தினார்கள். கயிறு குட்டையாகும் இடத்தில்தான் ஓட முடியாமல் கால் தயங்குகிறது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். மணி அடித்தும் யாரும் கிளம்பவில்லை.

மறுநாள் துறைத்தலைவர் கூப்பிட்டார். "அடுத்த செக்‌ஷன்ல மூணாவது யூனிட்டுக்குப் போயிட்டாக. நீங்க இன்னும் கிரவுண்டுல நிக்கிறீக."

உள்தேர்வில் இரண்டு வளைவுகளின் படம் கொடுத்து, டிரைவர் எதில் அதிகம் வேகம் குறைக்க வேண்டும், ஏன் என்று கேட்டேன். பெரும்பாலானோர் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. மேகமலைப் பெண்ணும்தான். எனக்குத் தாங்கவில்லை.

"நீதானம்மா அன்னைக்கு எனக்கே சொன்ன?"

"அது வெளையாட்டுன்னு நெனச்சோம் மேம். பரீட்சைக்கு ஃபார்முலாதான வரும்?"

பாடத்தில் இல்லாத கேள்வி என்று பிள்ளைகள் வீட்டிலிருந்து புகார் போயிற்று. மறுதேர்வு வைக்கச் சொன்னார்கள். இந்தமுறை சூத்திரத்தை நிறுவு என்று மட்டும் கேட்டேன். எல்லாரும் எழுதியிருந்தார்கள். எல்லாரும் ஒரே தவறோடு. கடையில் விற்கும் கைடில், சூத்திரத்தின் அடுக்கில் மூன்றின் கீழ் இரண்டு என்று வர வேண்டியது, இரண்டின் கீழ் மூன்று என்று தலைகீழாக அச்சாகியிருந்தது. அதை அப்படியே மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

துறைத்தலைவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஸ்டெப்பெல்லாம் சரியாத்தான இருக்கு. மார்க்கப் போட்டு விடுங்க."

போட்டேன். போட்டு முடித்தபின், யாராவது ஒருத்தியாவது சந்தேகப்பட்டு அந்த இடத்தில் அடித்து எழுதியிருக்கிறாளா என்று கட்டு முழுவதையும் மறுபடி புரட்டினேன். ஒரு தாளிலும் அடித்தல் இல்லை. கையெழுத்தெல்லாம் அவ்வளவு அழகு.