முனீஸ்வரனுக்கு வைத்த ஏலக்கித் தார்

என் தங்கச்சி மகனுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘ஹுடுகி’. கன்னடத்தில் அதற்குப் பெண்பிள்ளை என்று அர்த்தம். முதுகுவரை தொங்கும் பின்னலோடு ஒரு பையன் கால்சட்டை போட்டுக்கொண்டு ஈஜிபுரா தெருவில் நடந்தால் வேறென்ன சொல்வார்கள்? முடியை வெட்டி அனுப்புங்கள் என்று டீச்சரும் சொல்லிப் பார்த்துவிட்டார். “பேசாம திருப்பதிக்குப் போயி எறக்கிட்டு வந்துடலாம்” என்றார் தங்கச்சி வீட்டுக்காரர். அவள் மசியவில்லை. பல வருஷம் பிள்ளையில்லாமல், ஊர் வாயில் விழுந்து எழுந்து, எங்கள் முனீஸ்வரனிடம் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை. முதல் முடியை அவன் காலடியில் இறக்குகிறேன் என்பது வேண்டுதல். ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஒரு தடை வந்தது. முதலில் கொரோனா, அப்புறம் அவள் மாமனார் செத்துத் தீட்டு, அப்புறம் யானை நடமாட்டம் என்று பாதையை அடைத்தார்கள். பையன் ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டான், முடி மட்டும் இறங்கவில்லை.

முனீஸ்வரன் இருப்பது பெங்களூருக்குத் தெற்கே, தேசியப் பூங்காவுக்குள். நாங்கள் அதைக் காடு என்றுதான் சொல்வோம். கோயில் என்றால் கோபுரமெல்லாம் கிடையாது. ஓர் ஆலமரம், அடியில் மூன்று கல், ஒரு சூலம். ஆடி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தமெல்லாம் டெம்போ பிடித்துக்கொண்டு போவோம். ஆடு, அண்டா, அடுப்புக்குச் செங்கல் வரைக்கும் கூடவே வரும். அங்கேயே வெட்டி, அங்கேயே ஆக்கி, சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். சாமிக்கு ஒரு சின்ன இலையில் ஒரு பிடி சோறு, ஒரு கரண்டிக் குழம்பு. மீதியெல்லாம் எங்கள் வயிற்றுக்கு. நாங்கள் ஒன்றும் யோக்கியசிகாமணிகள் இல்லை. புகையும் பறைச்சத்தமும் ஆம்பளைகள் குடித்துப் போட்ட பாட்டிலும் அந்த மரத்தடியில் எங்களால் வந்தவைதான்.

பூங்காவுக்குப் புதுத் திட்டம் போடப்போகிறோம், ஜனங்கள் வந்து கருத்து சொல்லலாம் என்று ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். நான் பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்க்கிறவள். லீவு சொன்னால் சூப்பர்வைசர் முகம் கோணும். கோணட்டும் என்று லீவு போட்டுவிட்டுத் தங்கச்சியையும் அவள் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குச் சபையில் வாய் வராது, எனக்கு வந்தால் நிற்காது.

சுவரில் காட்டின் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஜனங்கள் வந்து பார்த்துச் சந்தோஷப்படுகிற இடமெல்லாம் மஞ்சள். சஃபாரி பஸ் ஓடுவது, குழந்தைகள் வண்ணத்துப்பூச்சி பார்ப்பது எல்லாம் அதற்குள். யாரும் காலே வைக்கக் கூடாத இடம் சிவப்பு. எங்கள் ஆலமரம் சிவப்புக்குள் இருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“மஞ்சள்ல நாளெல்லாம் பஸ்ஸு ஓடுது. சிப்ஸ் தின்னுக்கினே புலியைப் பாக்குறாங்க. அதையெல்லாம் காடு தாங்குது, வருஷத்துக்கு ஒரு நாள் நாங்க சாமி கும்புட்டா மட்டும் தாங்காதா? ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டின்னு எங்க தலையிலயே வெச்சிட்டீங்களா?” என்று கத்தினேன். பின்னால் யாரோ கைகூடத் தட்டினார்கள்.

படம் காட்டியவர் அந்தக் காட்டுச் சரகத்துக்குப் பொறுப்பான அதிகாரி, ஓர் இளம் பெண். கன்னடக்காரர், அத்திபெலேயில் வளர்ந்ததால் தமிழ் நன்றாக வரும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நோடிம்மா, இங்க பாருங்க, ஜனங்க வந்து பாக்கலேன்னா இந்தக் காடு வேணும்னு கேக்க ஆளே இருக்காது. அதுக்குத்தான் மஞ்சள். எல்லா எடத்துக்கும் வந்துட்டா அப்புறம் பாக்குறதுக்குக் காடே இருக்காது. அதுக்குத்தான் செவப்பு. பஸ்ஸுல வர்றவங்க கீழ எறங்குறதில்ல. நீங்க எறங்குறீங்க, அடுப்பு மூட்டுறீங்க, அதுவும் யானைங்க தண்ணிக்குப் போற வழியில. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?”

அப்போதுதான் என் தங்கச்சி எழுந்தாள். வாயைத் திறக்காமல், மகனின் தோளைப் பிடித்துத் திருப்பி, அவன் பின்னலை அந்த அதிகாரிக்குக் காட்டினாள். கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. “இது சாமிக்கா?” என்று கேட்டார். தங்கச்சி தலையாட்டினாள். “மேல கேட்டுப் பாக்குறேன்” என்றார்.

சும்மா சொல்லவில்லை, கேட்டே விட்டார். மரத்தடிக்கு வழக்கமாக வருகிற சில குடும்பங்களுக்கு ஆளுக்கொரு ஞாயிற்றுக்கிழமை, பூங்கா வேனிலேயே போய் வரலாம். சோதனையாக ஒரு வருஷம். தொந்தரவு எதுவும் இல்லையென்றால் அந்தப் பாதையைத் திட்டத்திலேயே சேர்ப்பார்கள், வருஷா வருஷம் போகலாம். ஏதாவது கோளாறு என்றால் அதோடு சரி. நெருப்பு கூடாது, பலி கூடாது, பறை கூடாது, உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, கொண்டுபோனதையெல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும். “எம்பேரைச் சொல்லி வாங்கியிருக்கேன்மா. பாத்துக்குங்க” என்று என்னிடம் தனியாகச் சொன்னார். தங்கச்சி அன்றைக்கு மகனுக்குத் தலைபின்னிப் பூ வைத்தாள். இதுதான் கடைசிப் பின்னல் என்றாள்.

எங்கள் முறை வருவதற்குச் சில நாள் முன்னால் பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. அம்மை போட்ட வீட்டிலிருந்து யாரும் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. தங்கச்சி வேப்பிலை கட்டிய வாசலுக்கு உள்ளே நின்றாள், நான் தெருவில் நின்றேன். “நீங்க போங்கக்கா. நாம போகலேன்னா யாருக்கும் அக்கறையில்லன்னு அடைச்சிடுவாங்க. அடுத்த வருசம் எம்புள்ளைக்கு வழி இருக்கணும். எம்பங்குக்கு ஒரு தார் ஏலக்கி வாழைப்பழம் வாங்கி வெச்சிடுங்க, முழுத் தாரா” என்றாள். அழாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் கண் கலங்கிப் போயிற்று.

ஆடு இல்லாமல் முனீஸ்வரனைக் கும்பிடுவது எங்கள் ஆட்களுக்குப் புதுசு. “ரத்தம் காட்டலேன்னா கோவிச்சுக்குவான்யா” என்று ஆளாளுக்குப் பயந்தார்கள். ஆட்டுக்கு ஈடாக நிறைவாக வைத்துவிடுவோம் என்று முடிவானது. ஆகவே வெல்லம் கொட்டிச் சர்க்கரைப் பொங்கலை வீட்டிலேயே ஓர் அண்டா நிறையப் பொங்கினோம். கரும்பு, தேங்காய், பலாச்சுளை வாங்கினோம். ஒரு நல்ல தாராகப் பார்த்து ஏலக்கியும் வாங்கினேன்.

மரத்தடியில் நாங்கள் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்திருந்தால் யார் கண்ணாவது பட்டிருக்கும். பேச்சே இல்லை. என் வீட்டுக்காரர்தான் பூசை. பெரிய பெரிய வாழையிலைகளாக விரித்து, அண்டாப் பொங்கலையும் பழத்தையும் கரும்பையும் மலையாகக் குவித்தார். கற்பூரம் ஏற்றக் கூடாது என்பதால் வெறும் மணியை மட்டும் ஆட்டினார். கூட வந்த வனக் காவலரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார். பிறகு “தந்தித்தெல்லா வாபஸ் தகொள்ளி” என்று நினைவுபடுத்தினார், கொண்டுவந்ததையெல்லாம் திரும்ப எடுங்கள் என்று. நாங்கள் குனிந்து குனிந்து பொறுக்கினோம். பூ கட்டிய நூல், தேங்காய் நார், பழைய வருஷங்களில் நாங்களே போட்ட பாட்டில் ஓடு, எல்லாவற்றையும் காலி அண்டாவில் போட்டு வேனில் ஏற்றினோம். படையலை யாரும் தொடவில்லை. அந்தக் காவலரும் தொடவில்லை. சாமிக்கு வைத்ததை எந்த மனுஷனாவது திருப்பி எடுப்பானா? திரும்பிப் பார்க்காமல் வந்து வேனில் ஏறினோம். நல்லபடியாக முடித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை. மற்றக் குடும்பங்கள் போன் செய்து கேட்டபோது, எப்படிச் செய்தோம் என்று வாய் வலிக்கச் சொன்னேன். அவர்களும் அதே மாதிரி, எங்களுக்குச் சளைக்காமல் நிறைவாக வைத்துவிட்டு வந்தார்கள்.

அடுத்த ஆடிக்கு முன்னால், நாள் கேட்டு வரலாம் என்று தங்கச்சியும் நானும் பையனைக் கூட்டிக்கொண்டு பூங்கா அலுவலகத்துக்குப் போனோம். கையோடு நாலு பழமும் ஊதுவத்தியும் அவள் பையில் இருந்தன. அந்த அதிகாரி எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முகமே சரியில்லை. “பாதையை மூடியாச்சும்மா. இனிமே இல்ல” என்றார்.

அவ்வளவுதான், எனக்குச் சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது. “நாங்க என்ன தப்பு பண்ணோம்? ஒரு நூலு, ஒரு நாரு விட்டுட்டு வந்தோமா? உங்க ஆளையே கேளுங்க! பணக்காரன் ரிசார்ட்டு கட்டுனா மூடுவீங்களா?” என்று மேஜையைத் தட்டினேன். அவர் நான் ஓயும்வரை நின்றுகொண்டிருந்தார்.

“எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கிட்டீங்களாம்மா?”

“எல்லாத்தையும்.”

“படையல்?”

“அது எங்களோடது இல்லையே. சாமியோடது.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “எனக்குத் தோணவேயில்லம்மா. எங்க வீட்டுலயும் அப்படித்தான். எடுக்கணும்னு நான் சொல்லியிருக்கணும், எனக்கே தோணல” என்றார்.

பிறகு நடந்ததைச் சொன்னார். தண்ணிக்குப் போகிற வழியில் ஒரு வாலிபக் கொம்பன் யானை அந்தப் பொங்கலையும் பழத்தையும் தின்றிருக்கிறது. அடுத்த ஞாயிறும் கிடைத்தது, அதற்கடுத்த ஞாயிறும் கிடைத்தது. ஆடி முடிந்த பிறகும் அது அந்த மரத்தை விட்டு நகரவில்லை. கூட்டம் வேறு பக்கம் போயும் இது போகவில்லை. அப்புறம் வேன் சத்தம் கேட்டாலே பாதைக்கு வந்து மறித்தது. ஒருநாள் ஜன்னலில் தும்பிக்கையை விட்டு இழுத்ததில் காவலர் கீழே விழுந்து கை முறிந்தது, எங்களிடம் திருநீறு வாங்கிக்கொண்ட அதே மனுஷர். கடைசியில் ஊர் ஓரத்து வீடுகளுக்கு வந்து, வெல்ல வாசனை பிடித்துச் சமையல்கட்டுச் சுவரை இடித்தது. ஆள் சாவதற்குள் பிடித்தாக வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. கும்கிகளை வைத்துப் பிடித்துவிட்டார்கள். “அது கெட்ட யானை இல்லம்மா. நாமதான் கெடுத்துட்டோம்” என்றார். நாம என்றுதான் சொன்னார். நீங்கள் என்று திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, எங்கள் கதை அதுதான். ஆட்டைக் கறியாக்கி நாங்களே தின்றுவிட்டு வந்த காலத்தில் யானைக்கு அந்த மரத்தடியில் மிச்சம் மீதி எதுவும் இருந்ததில்லை. அடுப்பும் பலியும் கூடாது என்று அவர்கள் நல்லதுக்குச் சொன்னார்கள். நாங்களும் நல்ல பிள்ளைகளாகக் கேட்டோம். எங்கே தப்பு நடந்தது என்று இன்றைக்கும் தறியில் உட்கார்ந்தவள் மாதிரி முன்னும் பின்னும் நினைப்பை ஓடவிட்டுப் பார்க்கிறேன். அன்றைக்கு என் வீட்டுக்காரர் கையிலிருந்து அந்தத் தாரைப் பிடுங்கி வேனில் போட ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லையே.

“அந்த யானையைப் பாக்கலாமா?” என்றாள் தங்கச்சி. அலுவலகத்துக்குப் பின்னால் தடி மரங்களை அடுக்கிக் கட்டிய கொட்டிலில் அதை வைத்திருந்தார்கள். நாங்கள் தூரத்தில் வரும்போதே அது திரும்பியது. கோபமாக இருக்கும் என்று பயந்தேன். இல்லை. மரச் சந்தில் தும்பிக்கையை விட்டு, தங்கச்சியின் பையை நோக்கி நீட்டியது. எட்டவில்லை. இழுத்துக்கொண்டு, வேறு சந்தில் விட்டு மறுபடி நீட்டியது. எங்களை நன்றாகத் தெரிந்த மாதிரி அப்படிக் கேட்டது.

“அம்மா, பசிக்குது போல. பழம் குடும்மா” என்றான் பையன். அவள் பையின் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “இதைத் திரும்ப உள்ள விடுவீங்களா மேடம்?” என்று கேட்டாள்.

“விட மாட்டாங்கம்மா. விட்டாலும் மனுசங்களைத் தேடித்தான் வரும். இனிமே இங்கதான், பழக்கி, ஜனங்க பாக்குற பக்கத்துல வெச்சுக்குவாங்க.”

திரும்பி வரும் பஸ்ஸில், பொம்மனஹள்ளி தாண்டுகிறவரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு முனீஸ்வரன் கோயில் இல்லையா, பொம்மசந்திரா பக்கம் ஒன்று இருக்கிறது, பூசாரியிடம் பேசுகிறேன் என்று நான் என்னென்னவோ சொன்னேன். “அவன் காட்டு யானையையே கெடுத்துட்டு, எந்த மூஞ்சியோட இன்னொரு முனீஸ்வரன்கிட்ட போறதுக்கா?” என்றாள். ஈஜிபுராவில் இறங்கியதும் அவள் நேராகத் தெருமுனைச் சலூனுக்குள் போய் மகனை நாற்காலியில் ஏற்றினாள். “மொட்டை போட்டுடுங்கண்ணா” என்றாள்.

பின்னல் கீழே விழுந்தபோது அவள் சுவரில் சாய்ந்துகொண்டு அழ ஆரம்பித்தாள். அத்தனை வருஷமும் அழாதவள், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சலூன்காரருக்குச் சங்கடமாகிவிட்டது. கத்தியை நிறுத்தினார்.

“அட, இதுக்குப் போயி அழுவறீங்களேம்மா. மயிருதானே, மறுபடியும் வந்துடும்” என்றார்.

அவள் இன்னும் பலமாக அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.