சிவப்புத் துணியை அவிழ்த்தவன் நான்

எண்ணெய் ஊற்றாத கியர்பாக்ஸுடன் ஒரு வண்டியை, வேண்டுமென்றே, சாலைக்கு அனுப்பினேன். பழி என் மனைவியின் தம்பி மேல் விழுந்தது. அதையும் நான்தான் விழ வைத்தேன்.

மறதி அல்ல. மறந்துவிட்டேன் என்று என்னையே நம்ப வைக்க ஐந்து ஆண்டுகளாக முயல்கிறேன்... முடியவில்லை!

உங்களிடம் எதற்குச் சொல்கிறேன்? நீங்கள் என் வீட்டுக்கு வரப்போவதில்லை. என் மனைவி கையால் காபி வாங்கிக் குடிக்கப்போவதில்லை. அந்தத் தைரியம்தான். வேறு தைரியம் எனக்கு எப்போது இருந்தது?

என் அப்பா அரக்கோணத்திலிருந்து செகந்திராபாத் ரயில்வே பணிமனைக்கு வேலைக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்தவன். காலனித் தமிழ்ச் சங்கத்தின் மாலை வகுப்பில் எழுத்துக் கற்றேன். அங்கிருந்த நூலகம் முழுவதையும் படித்துத் தீர்த்தேன். இந்த நடையெல்லாம் அந்த அலமாரிகள் கொடுத்தது. பிழைப்பு மட்டும் டீசல் வண்டிகளோடு. தார்நாகாவில் யாதகிரி என்பவரின் ஷெட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மெக்கானிக். 'தமிழ் மேஸ்திரி' என்று கேட்டால் டீக்கடைக்காரர்கூட என்னைக் கை காட்டுவார்.

சேகர் வரும்வரை.

நாமக்கல் பக்கத்து லாரிப் பட்டறைகளில் வேலை பார்த்தவன் அவன். ஊரில் வேலை குறைந்ததும், "தம்பியை இங்கே கூட்டிக்கிட்டா என்னங்க?" என்று என் மனைவி கேட்டாள். நானே யாதகிரியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். என் கையால் எனக்கே வைத்துக்கொண்ட ஆப்பு அது. அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவனிடம் ஒரு குறையாவது இருந்திருக்கக் கூடாதா? குடிக்க மாட்டான். எதிர்த்துப் பேச மாட்டான். வண்டி ஷெட்டுக்குள் நுழையும்போதே சத்தத்தை வைத்து நோயைச் சொல்லிவிடுவான். நான் பிரித்துப் பார்த்தால் அதே நோய்தான் இருக்கும். "சேகர் சேதுலு பங்காரம்!" என்பார் யாதகிரி. தங்கக் கைகளாம். இருபது வருடம் அதே ஷெட்டில் கரி பூசிக்கொண்ட என் கைகளை அவர் ஒருநாளாவது எந்த உலோகத்தோடாவது ஒப்பிட்டதுண்டா?

ஷெட்டோடு நின்றிருந்தாலும் தாங்கியிருப்பேன். என் மகன் இங்குள்ள பள்ளியில் படித்து வளர்ந்தவன். "சாப்பிட்டியாடா?" என்று நான் கேட்டால் "தின்னானு" என்று தெலுங்கில் பதில் வரும். அதே கேள்வியைச் சேகர் கேட்டால், "சாப்புட்டனுங் மாமா!" கொங்குத் தமிழ்! என் பிள்ளை வாயில்! பன்னிரண்டு வருடம் நான் மன்றாடியும் வராத தமிழ், அவன் வந்த ஆறே மாதத்தில் வந்துவிட்டது. மனைவி பூரித்துப்போனாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

வயிறு எரிந்தது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு உண்மையாகவே எரிந்தது. மருந்துக்கடையில் ஜெலுசில் வாங்கிக் குடித்திருக்கிறேன் என்றால் நம்புவீர்களா?

இனி அந்த வண்டிக்கு வருகிறேன்.

பாக்கியம் அக்கா கொண்டாப்பூரில் இருப்பவர். கச்சிபௌலி அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்து, டீசல் பிக்கப்பில் ஏற்றி, தாமே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுப்பவர். அந்த வண்டியைப் பல வருடங்களாகப் பார்த்தவன் நான். நகரத்தின் மறுகோடியிலிருந்து என்னைத் தேடியே வருவார். அன்று வந்ததும் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "சேகர் தம்பி இல்லீங்களா?" என்றார்.

ஐந்தாவது கியர் நிற்கவில்லை. மூன்றாவது விழும்போது உள்ளே பல் நறநறத்தது. திறந்து பழுது பார்த்துப் பயனில்லை, கியர்பாக்ஸையே மாற்றிவிடலாம் என்றான் சேகர். புதுப்பித்த கியர்பாக்ஸ் ஒன்று வந்து இறங்கியது. அப்படி வருகிறவை எண்ணெய் இல்லாமல் வறண்டுதான் வரும். பொருத்தி முடித்த பிறகு நாம்தான் ஊற்ற வேண்டும்.

எங்கள் ஷெட்டில் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. வறண்ட கியர் பெட்டி வண்டியில் ஏறும்போதே ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவோம். எண்ணெய் ஊற்றியவன்தான் அதை அவிழ்க்க வேண்டும். துணி இருந்தால் யாரும் சாவியைத் தொட மாட்டார்கள். துணி இல்லையென்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பழைய பெட்டியை இறக்கும் வேலையை இருவரும் சேர்ந்தே செய்தோம். புதியதை ஏற்றும்போது, "நக்கோ, வேண்டாம், நானே பார்த்துக்கிறேன்" என்று அவனை விலக்கினேன். அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் அல்லவா!

கியர்பாக்ஸின் முன்தண்டில் பற்கள் இருக்கும். அவை கிளட்ச் பிளேட்டின் நடுத்துளையில் உள்ள பற்களோடு சரியாகச் சேர்ந்தால்தான் பெட்டி உள்ளே போகும். மயிரிழை பிசகினாலும் முட்டிக்கொண்டு நிற்கும். நான் தள்ளினேன். ஜாக்கியை ஏற்றினேன், இறக்கினேன், ஆட்டினேன். முக்கால் மணி நேரம்! வியர்வை கண்ணில் இறங்கியது. பெட்டி இரண்டு விரல் இடைவெளியில் அப்படியே நின்றது.

சேகர் வண்டிக்கு அடியிலிருந்த வேலைப் பள்ளத்துக்குள் இறங்கி வந்தான். கியர் ஒன்றை விழவைத்துவிட்டு, பெட்டியின் பின்பக்கத்துத் தட்டை இரண்டு விரலால் மெல்லத் திருப்பினான். 'டக்'கென்று ஒரு சத்தம். பெட்டி தானாக உள்ளே போய் உட்கார்ந்தது.

கியரில் போட்டுவிட்டுத் திருப்ப வேண்டும் என்பது எனக்கும் தெரியும். என்றோ தெரிந்த வித்தை. ஆத்திரத்தில் மூளைக்கு வரவில்லை, அவ்வளவுதான். அக்கா கை தட்டிச் சிரித்தார். "மேஸ்திரி, உங்களுக்கு வயசாயிடுச்சு!" என்றார். கேலிதான், கெட்ட எண்ணம் இல்லை. யாதகிரியும் சிரித்தார். சேகர் மட்டும் சிரிக்கவில்லை. "மாமா பாதி வேலைய முடிச்சுட்டாருங், நான் சும்மா தொட்டேன், அவ்வளவுதான்" என்றான்.

அந்தப் பெருந்தன்மை இருக்கிறதே... அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மதியம் அவன் போன் அடித்தது. பேசியது என் மனைவி. பள்ளியில் மகனுக்குக் காய்ச்சலாம், கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம். என் மகன்! என் மனைவி! போன் மட்டும் அவனுக்கு. நான் பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். என் பையிலும் ஒரு போன் இருந்தது.

அவன் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தான். "மாமா, ஆயில் மட்டும் நீங்க ஊத்தீருங்க. துணி கட்டியிருக்குது. பையன ஊட்ல உட்டுட்டு, டாக்டர்கிட்ட காட்டோணும்னா காட்டிட்டு வந்தர்றேனுங்."

"ஹவ், ஹவ், போ" என்றேன். இந்த ஊர்ப் பேச்சில் 'ஹவ்' என்றால் ஆமாம்.

பக்கத்தில் பெயிண்ட் அடிப்பதற்காகக் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் சொன்னது வேறு யார் காதிலும் விழவில்லை. அதைக்கூடக் கவனித்து வைத்துக்கொண்டேன், பாருங்கள்!

எண்ணெய் டின் அலமாரியில் இருந்தது. எடுக்கத்தான் போனேன்... உண்மையாகவே போனேன். போகிற வழியில் ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. ஸ்டியரிங்கில் அந்தத் துணி. கை நீண்டது. முடிச்சை அவிழ்த்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். டின் பக்கம் போகவே இல்லை. வேறொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

என்ன நினைத்தேன்? நாலு கிலோமீட்டர் போவதற்குள் பெட்டி ஊளையிடும், அக்கா திரும்பி வந்து சத்தம் போடுவார், தங்கக் கைகளுக்குக் கொஞ்சம் கரி பூசும். அவ்வளவே நினைத்தேன். அவ்வளவே என்று சொல்லும்போது அது எத்தனை சின்னதாகத் தெரிகிறது!

சாயங்காலம் யாதகிரி துணி இல்லாததைப் பார்த்து, ஷெட்டுக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். மகனுக்குக் காய்ச்சல் ஏறியதால் சேகர் அன்று திரும்பவில்லை. மருத்துவமனை வரிசையில் என் பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வண்டி கொண்டாப்பூர் வரை போய்ச் சேர்ந்தது. அக்கா பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர். ஊளை அவருக்குக் கேட்கவில்லை போலும். மறுநாள் பகல், சாப்பாட்டுப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு கச்சிபௌலி மேம்பாலத்தில் போகும்போது கியர்பாக்ஸ் இறுகிப் பூட்டிக்கொண்டது. பின்சக்கரங்கள் நின்றன. வண்டி இழுத்துக்கொண்டு போய்த் தடுப்பில் மோதியது. அக்காவின் வலது மணிக்கட்டு உடைந்தது. பின்னால் வந்த பைக்காரர் ஒருவர் எப்படியோ ஒடித்துத் தப்பித்தார். அவர் தப்பிக்காமல் போயிருந்தால்... அந்த வாக்கியத்தை நான் இதுவரை முடித்ததே இல்லை.

வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். யாதகிரி பெட்டியின் அடியிலிருந்த எண்ணெய்த் திருகைக் கழற்றினார். ஒரு சொட்டு விழவில்லை. அலமாரியில் டின், மூடி முத்திரை உடையாமல் நின்றது.

"நான் மாமாகிட்டச் சொல்லீட்டுத்தானுங்க போனேன்" என்றான் சேகர். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. நான் ஆமாம் சொல்வேன், ஏதோ கைத்தவறு என்பேன், இருவருமாகத் திட்டு வாங்கிக்கொள்வோம் என்ற நம்பிக்கைதான் அதில் இருந்தது.

"எங்கிட்டயா? எப்போ?" என்றேன். "நீ அவசரத்துல ஓடினே. எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையேப்பா. துணிகூட இல்லையே, நீயே ஊத்திட்டுப் போயிட்டேன்னுல்ல நினைச்சேன்!"

அவன் என் முகத்தைப் பார்த்தான். எவ்வளவு நேரம்? எனக்குத் தெரியாது. என் கண்ணில் எதையாவது கண்டுபிடித்துவிடுவான் என்று பயந்தேன். வண்டிச் சத்தத்திலேயே நோய் சொல்கிறவன் அல்லவா! ஆனால் அவன் தேடியது என்னிடத்தில் இல்லை, தனக்குள்ளே. "அப்பச் சொல்லலையாட்ட இருக்குதுங்... சொல்லோணும்னு நெனைச்சுட்டே ஓடியிருப்பேனாட்ட... துணியையும் நானே அவுத்துப்போட்டனாட்ட" என்றான்.

தன் காதையும் தன் கையையும் விட்டுவிட்டு, என்னை நம்பினான்.

யாதகிரி கத்தினார். நான்தான் குறுக்கே போய் நின்றேன். "விடுங்க, பிள்ளைக்குக் காய்ச்சல்னு பதறிட்டான். மனுஷன்தானே" என்றேன். ஆம்! அதையும் செய்தேன். அன்று மாலை என் மனைவி என்னை அப்படியொரு நன்றியோடு பார்த்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அது எனக்கு இனித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

யாதகிரி அவனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவனே நின்றுகொண்டான். அதற்குப் பிறகு எந்த வேலையையும் அவனால் முடிக்க முடியவில்லை. முடுக்கிய போல்ட்டைக் கழற்றி மறுபடி முடுக்குவான். ஊற்றிய எண்ணெயை விரல் விட்டுப் பார்ப்பான். கை கழுவிவிட்டு வந்து மறுபடி பார்ப்பான். இரண்டே மாதத்தில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். இப்போது கச்சிபௌலியில் ஒரு கம்பெனி பஸ் ஓட்டுகிறான். வாடிக்கையாளர்கள் என்னிடம் திரும்பி வந்தார்கள். பாக்கியம் அக்காவும் வந்தார், கையில் கட்டு பிரித்த பிறகு. நான் மறுபடியும் மேஸ்திரி.

ஆசைப்பட்டது கிடைத்ததே, அந்த எரிச்சல் அடங்கியதா என்று கேட்பீர்கள். இல்லை! என் மகன் இன்னமும் அவனிடம்தான் தமிழ் பேசுகிறான். இன்னமும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இத்தனை செய்தபிறகும்!

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தான். போனில் தன் குழந்தையின் படங்களைக் காட்டினான். தள்ளித் தள்ளிப் பார்த்தேன். குழந்தை படங்களுக்கு நடுவே வேறு படங்கள்... மூடிய கேஸ் திருகு, பூட்டிய கதவு, மருந்து ஊற்றிய மூடி, பஸ்ஸின் கை பிரேக். தேதி வாரியாக, நூற்றுக்கணக்கில். "இல்லீன்னா நானு செஞ்சனா இல்லியான்னு எனக்கே நம்பிக்க வராதுங் மாமா" என்று வெட்கப்பட்டுச் சிரித்தான்.

சிரித்துவிட்டுப் போனை வாங்கிப் பையில் வைத்தான். மனைவி அடுக்களையில் இருந்தாள். பையன் வெளியே போயிருந்தான். நாங்கள் இருவர் மட்டும்தான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு நானு உங்ககிட்டச் சொன்ன மாதிரியே அப்பப்ப நெனப்பு வருதுங். நீங்க 'ஹவ், ஹவ்'னு சொன்னது கூடக் காதுல கேக்குது... நெசமா நான் சொல்லலைதானுங்களே?"

கதவு திறந்து கிடந்தது. ஐந்து வருடத்துக்குப் பிறகு, அவனே திறந்துவிட்டிருந்தான். ஒரே ஒரு சொல் போதும். அவன் கைகள் அவனிடமே திரும்பிப் போயிருக்கும்.

"சொல்லலைப்பா" என்றேன்.

"அதானுங்" என்றான் சேகர், தலையாட்டிக்கொண்டு. "உங்களத்தானுங் மாமா நான் நம்போணும்."