கொழுந்தனுக்காக வளர்த்த முள்வேலி

லண்டனின் மோர்டனில் ஒட்டியபடி நிற்கும் இரண்டு வீடுகளை அண்ணனும் தம்பியும் ஒன்றாக வாங்கினார்கள். வாங்கிய கையோடு பின்வளவுக்கு நடுவில் நின்ற பலகை வேலியையும் பிடுங்கி எறிந்தார்கள். அப்படியொரு ஒற்றுமை!

அண்ணன் குகதாசனின் மனைவி நகுலேஸ்வரி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பிள்ளை இல்லை. தம்பி வாமதேவனின் மனைவி பிரசவத்தில் கண்ணை மூடியபோது, குழந்தை துஷ்யாவைத் தூக்கி மார்போடு அணைத்தவள் அவள்தான். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்குத் தாயும் அவளே.

குகதாசன் மாரடைப்பில் போய் ஒரு வருடம் கழித்து, 2003இல், துஷ்யாவுக்குக் கல்யாணம். மணமக்களுக்கு ஆராத்தி எடுக்க நகுலேஸ்வரி தட்டைக் கையில் எடுத்தாள். மண்டபமே பார்த்திருக்க வாமதேவன் அதைப் பிடித்து வாங்கினான்.

"அண்ணி, நீங்கள் கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்கோ. நல்ல காரியம் நடக்குது."

விதவை என்ற சொல்லை அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வளர்த்த மகளின் கழுத்தில் தாலி ஏறியதை நகுலேஸ்வரி கதிரைகளுக்குப் பின்னால், யாரோ ஒருத்தியின் தோளுக்கு மேலால் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. நெஞ்சில்தான் நெருப்பு ஏறியது. 'உன்ர வாயாலேயே பிழை எண்டு சொல்லவைக்கிறன், பொறு.'

அந்த இலையுதிர் காலமே வேலை தொடங்கியது. ரயில் பாதையோரம் நின்ற ஹாத்தோர்ன் மரத்தைத்தான் அவள் தேர்ந்தெடுத்தாள். முள் ஒவ்வொன்றும் ஊசி. ஊரில் வேலிக்குக் கதியால் போடுவதுபோல, தடித்த கிளைகளாக வெட்டி வந்து இரண்டு வளவுக்கும் நடுவில் வரிசையாகக் குத்தினாள். கிளுவையும் பூவரசும் அப்படித்தானே தளிர்க்கும்! ஆனால் வசந்தம் வந்தும் ஒரு கிளையிலும் பச்சை தெரியவில்லை.

வாமதேவன் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்று பார்த்தான்.

"என்ன அண்ணி, விறகு நட்டிருக்கிறியள்? பார்பிக்யூவுக்கோ?"

"சிரியுங்கோ தம்பி, நல்லாச் சிரியுங்கோ."

செத்த கிளைகளைப் பிடுங்கிக்கொண்டு பூங்கன்றுக் கடைக்குப் போனாள். இந்த மரத்தின் வெட்டிய கிளை இலகுவில் வேர் பிடிக்காது, வேரோடு கன்று வாங்கிக் குளிர்காலத்தில் நட வேண்டும் என்று கடைக்காரன் சொன்னான். நவம்பரில் நட்டாள். வேரைச் சுற்றிப் புல் வளரவிடாமல் பிடுங்கினாள். வேலையால் வந்த களைப்போடு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தாள். கையில் முள் கிழித்த இடமெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டாள். கணவனுக்குப் படைத்த சோற்றைவிட அந்த மரங்களுக்கு ஊற்றிய தண்ணீரில்தான் அவள் மனம் ஆறியது. பாவி மனம், அப்படித்தான் ஆறும்!

2009 மே மாதம் வேலி ஆளுயரம் தாண்டி வெள்ளை வெளேரென்று பூத்தது. பார்க்கத்தான் அழகு. மணமோ பழுதான மீனின் வாடை. காற்று அடித்தால் வாமதேவனின் குசினிக்குள் அது நேரே போகும்.

துஷ்யாவுக்கு மகன் பிறந்து முப்பத்தொன்றாம் நாள் கொண்டாட்டம் அந்த மாதம்தான். இரண்டு வளவையும் சேர்த்துக் கூடாரம் போட வாமதேவனுக்கு ஆசை. வீதியால் சுற்றி வந்து நகுலேஸ்வரியின் முன்கதவைத் தட்டினான்.

"அண்ணி, நடுவில கொஞ்சம் வெட்டிவிட்டால் சனம் புழங்கும்."

"ஏலாது தம்பி. உள்ளுக்குக் குருவி கூடு கட்டியிருக்கு. இப்ப கலைச்சால் சட்டப்படி குற்றம்."

"குருவியில இருக்கிற இரக்கம் என்னில இல்லையோ?"

"குருவி என்னைப் பின்னுக்கு நில் எண்டு சொல்லேல்லையே."

அவன் முகம் கறுத்தது. மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்ததை அவள் கண்டாள். அவன் அதை விழுங்கிவிட்டுத் திரும்பினான். சனம் ஒற்றை வளவுக்குள் நெருக்குப்பட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டது. நகுலேஸ்வரி போகவில்லை. துஷ்யாதான் குழந்தையோடு வீதியால் ஓடி வந்தாள்.

"பெரியம்மா, அப்பாவோட கோவிச்சால் என்னோடயும் கோவமோ?"

"உன்னோட என்னடி கோவம்? உனக்கு என்ர முன்கதவு எப்பவும் திறந்திருக்கும்." குழந்தையை வாங்கி உச்சி முகர்ந்தபோதுதான், அத்தனை வருடமும் வராத கண்ணீர் வந்தது.

நவம்பரில், இலை உதிர்ந்த பிறகு, நகுலேஸ்வரி கைக்கோடரியோடு இறங்கினாள். வெட்டும் சத்தம் கேட்டு வாமதேவன் சந்தோசமாக ஓடி வந்தான். வந்தவன் பாதியில் நின்றான். அவள் மரங்களைத் தறிக்கவில்லை. ஒவ்வொன்றையும் அடியில் முக்கால் வாசி வெட்டி, மெல்லச் சரித்து, அடுத்த மரத்தோடு பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பூங்காவில் வேலி கட்டுகிறவர்களிடம் பார்த்துப் பழகிய வேலை. சரிந்த மரம் சாகாது. அடியிலிருந்து புதிதாய் முளைத்து அடைத்துவிடும். பிறகு பூனையும் நுழையாது. நிமிர்ந்து நின்றது ஒரே ஒரு மரம்தான். அதன் பக்கத்தில் இன்னும் அடைபடாத இடைவெளியில் அவன் முகம் தெரிந்தது. நரைத்து, தளர்ந்து போயிருந்தான்.

"அண்ணி... அண்டைக்கு நான் செய்தது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கோடரி நின்றது. இத்தனை காலம் அவள் தவம் கிடந்த சொல்! காது குளிர்ந்தது. நெஞ்சு குளிரவில்லை.

"மண்டபம் நிறையச் சனத்துக்கு முன்னால எனக்குச் செய்தியள். மன்னிப்பு மட்டும் வேலிக்குப் பின்னால, ஒருத்தரும் இல்லாத நேரத்திலயோ?"

அவன் கையை நீட்டி அந்தக் கடைசி மரத்தைப் பிடித்தான்.

"கையை எடுங்கோ தம்பி, முள்ளுக் குத்தும்" என்றாள். அதையும் வெட்டிச் சரித்தாள்.