ஆம்பூருக்கு ஷூ கொண்டுபோன கப்பல்

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனானாம் ஒருவன். அவனாவது புது ஊசி கொண்டுபோனான். நான் படித்த கப்பலில் இருந்தவர்கள் ஆம்பூருக்குப் பழைய ஷூ தானம் கொடுக்கப் போனார்கள்.

கப்பலில் படித்தேன் என்றால் எங்கள் பக்கத்தில் மெரைன் இன்ஜினியரிங்கா என்பார்கள். அது இல்லை. ஒரு பருவம் முழுக்கக் கப்பலிலேயே தங்கி, வகுப்புக்குப் போய், துறைமுகம் துறைமுகமாக இறங்கி உலகத்தைப் புரிந்துகொள்ளும் படிப்பு. முக்கால்வாசிப் பேர் அமெரிக்கப் பணக்காரப் பிள்ளைகள். காலையில் வறுமையைப் பற்றிப் பாடம் கேட்பார்கள், மத்தியானம் நீச்சல் குளத்தில் மிதந்தபடி அதைப் பற்றி வருத்தப்படுவார்கள். நான் வேலூரில் படித்த கல்லூரி வழியாக உதவித்தொகை கிடைத்து, போன வருடம் அதில் ஏறினேன். அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவள், அதாவது ஷூவின் மேல்பாகத்தை. விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவாள். அப்பா இல்லை. தங்கை ஒன்பதாவது, நான் படித்த அதே அரசுப் பெண்கள் பள்ளியில்.

மொரிஷியஸை விட்டுக் கிளம்பிவிட்டோம், அடுத்த துறைமுகம் சென்னை. அடுத்த ஊர் வருமுன் எல்லோரும் பெரிய கூடத்தில் உட்கார்ந்து அந்த ஊரைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் கப்பலின் வழக்கம். குழாய்த் தண்ணீர் குடிக்காதே, இடது கையை நீட்டாதே, பிச்சைக்காரர்களின் கண்ணைப் பார்க்காதே என்று கப்பல் படிப்பின் தலைவரான டீன் மேடையில் நின்று சொல்லிக்கொண்டே போனார். "இந்தியா உங்கள் ஐம்புலன்களையும் தாக்கும்" என்று கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பக்கத்தில் இருந்த ஒருத்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளை நான் அப்போதே தாக்கத் தொடங்கிவிட்டேன் போலிருக்கிறது.

ஒவ்வொரு ஊரிலும் இறங்கியதும் ஒரு சேவை செய்தாக வேண்டும். சென்னைக்கு வைத்திருந்த சேவையின் பெயர் 'வெறுங்கால்களின் புன்னகை'. கப்பலில் இருக்கும் எல்லோரும் தங்கள் பழைய ஷூக்களைக் கொடுக்க வேண்டுமாம். அவற்றைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், தோல் பதனிடும் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வழங்குவார்களாம். திரையில் பள்ளியின் பெயர் வந்தது. என் பள்ளி. என் தங்கையின் பள்ளி.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அவள் வரிசையில் நிற்பாள், கையை நீட்டி யாரோ கழற்றிப் போட்ட ஷூவை வாங்குவாள், அதை ஒருத்தன் படம் எடுப்பான், அது என்னோடு படிப்பவர்களின் போனில் காலத்துக்கும் இருக்கும். அது மட்டும் நடக்கக் கூடாது. மற்றபடி அவர்கள் என்ன கூத்து வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

டீனிடம் போனேன். அந்த ஊர் பாதி உலகத்துக்கு ஷூ தைத்து அனுப்புகிற ஊர் என்றேன். பிள்ளைகளுக்கு அரசாங்கமே காலணி கொடுக்கிறது என்றேன். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "உன் உணர்வுகளை மதிக்கிறேன்" என்றார். உணர்வாம்! நான் சொன்னது தகவல். "நீயே முன்னால் நின்று உன் கையால் கொடுத்தால் எவ்வளவு அழகாக இருக்கும், புடவை இருக்கிறதா?" என்று கேட்டார்.

இந்தச் சேவைக்குத் தலைவி என் கேபினில் என்னோடு தங்கியிருந்தவள். கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம். முதல் நாளே என் ஷூவைப் பார்த்து வாய் பிளந்தவள். கணுக்கால் வரை வரும் பழுப்புத் தோல் ஷூ. "இத்தாலியா?" என்றாள். "ஆம்பூர்" என்றேன். "அது இத்தாலியில் எந்தப் பக்கம்?" என்றாள்.

அந்த ஷூவுக்கு ஒரு கதை உண்டு. அம்மாவின் லைனில் தைத்தது. இடது ஷூவில் உள்பக்கம் ஒரு தையல் நூலளவு விலகிப்போனதால் ரிஜெக்ட் ஆகி, ரிஜெக்ட் கடைக்கு வந்து, அங்கிருந்து அம்மா வாங்கி வந்தாள். சாம்பிள் சைஸ், அதாவது கம்பெனி மாதிரிக்குத் தைக்கும் சின்ன அளவு. எனக்கும் தங்கைக்கும் அதே பாத அளவு என்பதால் வீட்டில் ரணகளம். அன்றைக்கு அவள் அதைப் போட்டுக்கொண்டே தூங்கினாள். நான் கப்பலேறும்போது எடுத்து வந்துவிட்டேன். ஸ்டேஷனுக்குக்கூட அவள் வழியனுப்ப வரவில்லை.

ஷூ வசூல் அமோகமாக நடந்தது. எங்கள் கேபின் வாசல் வரை குவியல். தோல் பதனிடும் ஷெட் நாற்றத்தில் வளர்ந்த எனக்கே மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கும்படி இருந்தது. "இதையெல்லாம் சுத்தம் செய்து கொடுத்தால்தான் மரியாதை, இல்லையா?" என்று என் கேபின்காரி கேட்டாள். துணி ஷூவை வேண்டுமானால் அலசு, தோல் ஷூவை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் வைத்து, கொஞ்சம் பாலிஷ் போடு, சுடுதண்ணீர் மட்டும் வேண்டாம் என்று தெளிவாகத்தான் சொன்னேன். அவளுடைய குழுவுக்கு அது போதவில்லை. பிள்ளைகளுக்குத் தொற்று ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று பதறினார்கள். வாஷிங் மெஷினில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், கை நிறைய சோப்புத்தூள், அதற்குப் பிறகு டிரையரில் உச்சச் சூடு.

டிரையரைத் திறந்தபோது நானும் அங்கே இருந்தேன். அடடா, அந்தக் காட்சி! ஒவ்வொரு ஷூவும் எண்ணெய்ச் சட்டியில் போட்ட அப்பளம்போல் சுருண்டு விறைத்துக் கிடந்தது. சில ஷூக்களுக்கு அடிப்பாகம் வாயைப் பிளந்திருந்தது. ஒருத்தி ஓரத்தில் நின்று அழுதாள். நான் சிரித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்க, வெட்கமே இல்லாமல் சிரித்தேன். தொல்லை ஒழிந்தது, இதை இனி எவனும் எவளுக்கும் கொடுக்க முடியாது என்று நிம்மதியாக இருந்தது.

எவ்வளவு மட்டமாகக் கணக்குப் போட்டேன்! டீன் வந்து பார்த்தார். ஒரு ஷூவைக் கையில் எடுத்து வளைத்தார், அது வளையவில்லை. "பரவாயில்லை, ஒன்றுமே இல்லாதவர்களுக்கு இதுவும் பெரிய விஷயம்தான்" என்றார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டைப்பெட்டிகளில் அடுக்க ஆரம்பித்தார்கள். பெட்டிகளுக்கு நீல ரிப்பன் வேறு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். செத்த மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன செய்வதாம்?

மேல்தளத்தில் ஒரு மூலையில்தான் வைஃபை ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே நின்று அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில்தான் இருந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"இன்னாது, ஆம்பூருக்கு ஷூவா?" என்று அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். "எங்க கம்பெனி கேட்டாண்ட எடுத்துக்கினு வரச் சொல்லுடி. ரிப்பேர் லைன்ல போட்டு அவங்களுக்கே திருப்பி அனுப்பிச்சிடுறோம்."

"சிரிக்காதம்மா. நான் ஸ்கூலுக்கு வரப் போறதில்ல. உடம்பு சரியில்லன்னு கப்பல்லயே படுத்துக்குறேன். அவளையும் நாளைக்கு லீவு போடச் சொல்லு."

அவ்வளவுதான், போனைத் தங்கை பிடுங்கிக்கொண்டாள்.

"லீவா? இன்னாக்கா பேசுற நீ? கப்பல்காரங்க வர்றது ஸ்கூல்ல முன்னாடியே தெரியும், அம்மாகிட்டதான் சொல்லல. ஹெச்.எம். என்னைத்தான் முன்னாடி நிக்கச் சொல்லிக்கிறாங்க. இங்கிலீஷ்ல தேங்க்ஸ் சொல்லப்போறதே நான்தான். எங்கக்கா கப்பல்ல வர்றா, அவ கையாலதான் வாங்குவேன்னு ஸ்கூல் பூரா சொல்லிட்டேன். நீ வர்லன்னா என் மானம் போய்டும்."

"அது எவளோ போட்டுக் கழட்டின ஷூடி. அதுவும் வெந்து போச்சு."

"இருக்கட்டும். மத்தவளுங்களுக்கும் அதானே? எல்லாரோட அம்மாவும் ஏதோ ஒரு கம்பெனிலதான் இருக்காங்க. பொட்டியத் தொறந்ததும் நாங்களே சிரிப்போம். நீ வா."

எதைக் காப்பாற்ற நான் இத்தனை நாளும் குதித்தேனோ, அந்த மானத்தை அவள் என் கையில் கட்டி வைத்திருக்கிறாள். நான் போனால்தான் அது நிற்கும். கப்பல்காரர்கள் மேல் இருந்த கோபம் முழுக்க அந்த நிமிஷம் அழுகையாகத்தான் வந்தது. அலைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

அம்மா மறுபடி போனை வாங்கினாள். "பேஜார் பண்ணாத. வந்து குடு. ஊரே பாக்கும், அதனால இன்னா குடுக்குறன்னு மட்டும் பாத்து குடு."

கீழே இறங்கி வந்து பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். என் தங்கை காலில் போடும்படி ஒரு ஜோடி இல்லை. ஒரு ஜோடிகூட இல்லை. என் கால் ஷூவைக் கழற்றினேன். ஈரத்துணியால் துடைத்து, உள்ளே காகிதம் அடைத்து, நிழலில் வைத்து, பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். அதற்குப் பிறகு ஒரு பெட்டியில் வைத்து அதே நீல ரிப்பனைக் கட்டினேன். குறுக்கே ஒரு முடிச்சு கூடுதலாகப் போட்டு அடையாளம் வைத்துக்கொண்டேன்.

என் கேபின்காரி பார்த்துவிட்டாள். "ஐயோ, உன் இத்தாலி ஷூ!" என்று என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஆம்பூர் இன்னமும் இத்தாலியில்தான் இருந்தது. "யாரோ ஒரு பெண்ணுக்காகவா? அவள் வாழ்க்கையில் இப்படி ஒரு ஷூவைப் பார்த்தே இருக்க மாட்டாள்!" என்றாள்.

பார்த்தே இருக்க மாட்டாளாம். அதைப் போட்டுக்கொண்டு தூங்கினவள் அவள். பெட்டியைத் திறந்ததும் இடது ஷூவைத் திருப்பி உள்பக்கம் பார்ப்பாள். விலகிய தையல் அங்கே இருக்கும். மனப்பாடம் செய்து வைத்திருக்கும் இங்கிலீஷ் எல்லாம் அந்த இடத்தில் மறந்துபோகும். இவர்களோ அதை நன்றிப் பெருக்கு என்று படம் எடுப்பார்கள். எடுத்துத் தொலையட்டும்.

மறுநாள் காலை சென்னை தெரிந்தது. புடவை கட்டி, காலில் பாத்ரூம் செருப்போடு வந்து வரிசையில் நின்றேன். டீன் என் காலைப் பார்த்து முகம் சுளித்தார். "வெளியே தரை அசுத்தமாக இருக்கும், ஷூ இல்லையா உன்னிடம்?" என்று கேட்டார். கொடுத்துவிட்டேன் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, என் தோளைத் தட்டினார்.

மற்ற பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் கையில் இருந்த கூடுதல் முடிச்சுப் பெட்டியையும் ஒருவன் கேட்டான். நான் கொடுக்கவில்லை.