என் மகளுக்கு நான் பார்த்த டர்ட் பைக்

போன ஞாயிற்றுக்கிழமை நான் பைக்கிலிருந்து கீழே விழுந்தேன்.

பதற வேண்டாம். வண்டி ஓடவில்லை. இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவிகூட இன்னும் என் கைக்கு வரவில்லை. நின்றுகொண்டிருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்... உட்கார்ந்தபடியே, நிதானமாக, இடது பக்கம் சாய்ந்து விழுந்தேன். முப்பது வருஷமாக பைக் ஓட்டுகிறவன் நான். எங்கள் செஞ்சி கடைத்தெருவில், சந்தை நாள் நெரிசலில்கூட, காலை ஊன்றாமல் வண்டியை வெளியே கொண்டுவந்துவிடுவேன். அந்தப் பெருமை எல்லாம் அரை நிமிஷத்தில் மண்ணைக் கவ்வியது.

விழுந்தது எனக்கு நியாயமான தண்டனைதான். ஏன் என்று சொல்கிறேன். இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

கொஞ்ச நாள் முன்னால் இதே இடத்தில் நான் எழுதியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 'அப்பாக்களே, மகள் எதைக் கேட்டாலும் முதலில் சரி என்று சொல்லிப் பழகுங்கள்' என்று ஒரு போடு போட்டிருந்தேன். பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். என் மகள் கீர்த்தி அதை வெட்டி எடுத்து, மாம்பழ வடிவக் காந்தம் வைத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். நான் தினமும் தண்ணீர் பாட்டில் எடுக்கப் போகும்போதெல்லாம் நான் எழுதியதை நானே படித்து மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

கீர்த்திக்கு இருபத்து நாலு வயது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை. அவளோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஒரு கூட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையானால் ரோடு இல்லாத இடமாகத் தேடிப்போய், கல்லிலும் புழுதியிலும் வண்டி ஓட்டும் கூட்டம். 'சும்மா பார்த்துட்டு வரேன்' என்று போன மாதம் இவளும் போனாள். தலை முதல் கால் வரை செம்மண்ணோடு திரும்பினாள். அந்த மண்ணுக்கு நடுவே ஒரு சிரிப்பு இருந்தது பாருங்கள்... அதைப் பார்த்தபோதே அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"நைனா, நான் ஒரு டர்ட் பைக் வாங்கப் போறேன். என் சம்பளத்துலதான். நீ கூட வந்து பாத்து சொல்லு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். "சரிம்மா" என்றேன்.

என் மனைவி செல்விக்கு இப்படி எழுதி வைத்து மாட்டிக்கொள்ளும் பழக்கம் இல்லை. அதனால் அவள் தாராளமாகக் கேள்வி கேட்டாள்.

"மைலேஜ் எவ்ளோ குடுக்கும்?"

"அதெல்லாம் பாக்க மாட்டாங்கம்மா."

"சாரி கார்டு இருக்குதா?"

"இருக்காது."

"பின்னால யாரு உக்காருவாங்க?"

"யாரும் உக்கார முடியாது. சீட்டு ஒருத்தருக்குத்தான்."

"பின்னால சீட்டே இல்லாத வண்டி இன்னாத்துக்குடி?"

இதற்கே இப்படியென்றால், அடுத்த செய்திக்கு செல்வி சாப்பாட்டுத் தட்டை நகர்த்தியே வைத்துவிட்டாள். சுத்தமான டர்ட் பைக்குக்கு நம்பர் பிளேட் கிடையாது. ரோட்டில் ஓட்டக் கூடாது. ஓட்டும் இடம் வரைக்கும் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்க வேண்டும்.

"ஓட்டறதுக்கு வாங்கற வண்டிய இன்னொரு வண்டியில ஏத்தினு போவணுமா? இன்னாங்க, இவ சொல்றது உங்களுக்குப் புரியுதா?"

எனக்கு நன்றாகவே புரிந்தது. எனக்குப் புரிந்தது வேறு விஷயம். கல்லும் முள்ளுமாக எங்கேயோ ஒரு குன்று. என் பெண் விழுந்து கிடக்கிறாள். வண்டி அவள் காலின் மேல் கிடக்கிறது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இல்லை. யார் தூக்குவார்கள்? இந்த ஒரு படம்தான் எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. பயம். வேறு ஒன்றும் இல்லை. பச்சையாகச் சொல்கிறேன், எனக்கு அப்படி ஒரு பயம்.

இந்தப் பயத்தை அவளிடம் சொல்லியிருக்கலாம். 'வேணாம்மா, எனக்கு பயமா இருக்குது' — இவ்வளவுதானே? ஆனால் முற்போக்கு அப்பா அப்படிப் பேசலாமா? வாசகர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் நான் வேறு வழி கண்டுபிடித்தேன்.

மூன்று நாள் லீவு போடாத குறையாக போனில் வீடியோ பார்த்தேன். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு எந்த டர்ட் பைக் பொருத்தம்? எல்லாரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள். சின்ன இன்ஜின் போதும். எடை குறைவாக இருக்க வேண்டும். சீட்டு தாழ்வாக இருந்து, இரண்டு காலும் தரையில் பட வேண்டும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வண்டி பாயக் கூடாது, மெதுவாக இழுக்க வேண்டும். வண்டிக்கு முன்னால் ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் கெட்டியான பூட்ஸும் வாங்க வேண்டும்.

கவனமாகக் கேட்டுக்கொண்டேன். பிறகு எல்லாவற்றையும் தலைகீழாக்கி என் மகளுக்குச் சொன்னேன்!

"சின்ன வண்டி எடுத்தா ஆறே மாசத்துல சலிச்சிடும்மா. எடுக்கிறதே எடுக்கிறோம், பெருசா எடுப்போம்."

"சரி நைனா."

"உயரமா இருக்கணும். அப்பத்தான் கல்லு இடிக்காது."

"சரி நைனா."

"கனமா இருந்தாத்தான் வண்டி நிக்கும். லேசான வண்டி காத்துல பறந்துடும்."

"சரி நைனா."

திட்டம் புரிகிறதா? கீர்த்தி ஐந்தடி ஒரு அங்குலம். உயரமான, கனமான வண்டியில் ஏறிப் பார்ப்பாள். கால் எட்டாது. அசைக்கக்கூட முடியாது. 'எனக்கு இது சரிப்படாது நைனா' என்று அவளே சொல்லிவிடுவாள். நான் பெருமூச்சு விட்டு, 'அடடா, உன் இஷ்டம்மா' என்பேன். பழியும் இல்லை, பயமும் இல்லை. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருப்பதும் அப்படியே இருக்கும்!

முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் அப்பாக்கள் எவ்வளவோ தேவலாம், இல்லையா? அவர்களிடம் சண்டையாவது போடலாம். 'சரி' என்று சொல்லிக்கொண்டே முட்டுக்கட்டை போடுகிறவனை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வல்லம் போகும் வழியில் இருக்கும் ஆரோக்கியத்தின் ஷெட்டுக்குப் போனோம். பழைய டர்ட் பைக்குகளை எங்கிருந்தோ வாங்கி வந்து, பிரித்து மேய்ந்து, சரிசெய்து விற்கிறவர். ஒரு காலத்தில் ரேஸ் ஓட்டியவர் என்று கேள்வி. இடது தோள்பட்டை கொஞ்சம் இறங்கி இருக்கும். அதைப் பார்த்ததும் என் பயம் இன்னும் ஒரு சுற்று பெருத்தது.

உள்ளே இரண்டு வண்டிகள் தயாராக இருந்தன. ஒன்று சிவப்பு. நானூற்று ஐம்பது சிசி. சீட்டு என் இடுப்புக்கும் மேலே இருந்தது. இன்னொன்று பச்சை. நூற்று இருபத்தைந்து. சீட்டு கிழிந்து, மட்கார்டு வெளுத்து, கன்றுக்குட்டி மாதிரி ஓரமாக நின்றது.

ஆரோக்கியம் பச்சை வண்டியைப் பிடித்து, நிதானமாகத் தரையில் படுக்க வைத்தார்.

"இன்னாண்ணே, நல்லா இருக்கற வண்டிய சாய்ச்சிட்டீங்க?" என்றேன்.

"சார், எங்கிட்ட வண்டி வாங்க வர்றவங்க மொதல்ல ஓட்டிக் காட்ட வேணாம். தூக்கிக் காட்டணும். பாப்பா, நீ எப்பிடியும் விழுவ. விழாத ஆளு இதுல கெடையாது. விழுந்த வண்டிய நீயே தூக்க முடிஞ்சா அது உன் வண்டி. முடியலன்னா அது எவ்ளோ நல்ல வண்டியா இருந்தாலும் உனக்கு வேணாம்."

என் வயிற்றில் பால் வார்த்தார். என் திட்டத்துக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடைக்குமா?

"அப்போ சிவப்பு வண்டிய படுக்க வைங்கண்ணே. நாங்க அதத்தான் பாக்க வந்தோம்" என்றேன் அவசரமாக.

ஆரோக்கியம் கீர்த்தியின் உயரத்தைப் பார்த்தார். சிவப்பு வண்டியைப் பார்த்தார். கடைசியாக என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சாவி எடுத்துனு வரேன்" என்று உள்ளே போனார்.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். விதி யாரை விட்டது? அந்த வண்டி எவ்வளவு அருமையானது என்று அவளுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. 'இவ்ளோதாம்மா, ரொம்ப ஈஸி' என்று சொல்லிக்கொண்டே காலைத் தூக்கிப் போட்டு ஏறிவிட்டேன். ஏறியதும் வண்டியை நிமிர்த்தினேன். ஸ்டாண்டு பட்டென்று தானாகவே மடங்கிக்கொண்டது. இடது காலைக் கீழே விட்டேன். கீழே தரை இல்லை. இன்னும் கொஞ்சம் விட்டேன். அப்போதும் இல்லை. எனக்கும் ஐந்தடி நாலு அங்குலம்தான் என்பது அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது.

அப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

விழுந்ததும் வண்டி என் இடது கணுக்காலின் மேல் படுத்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. "ஐயோ" என்று ஒரு சத்தம் கேட்டது. என் சத்தம்தான். நான் இத்தனை நாளாக மனசுக்குள் ஓட்டிய அதே படம், அச்சுப் பிசகாமல்! ஆள் மட்டும் மாறிவிட்டது.

கீர்த்தி ஓடி வந்தாள். கத்தவில்லை, பதறவில்லை. ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுசாகத் திருப்பினாள். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை முட்டுக் கொடுத்து உட்கார்ந்த மாதிரி குந்தினாள். ஒரு கை ஹேண்டில் நுனியில், ஒரு கை சீட்டுக்குக் கீழே. மூச்சை இழுத்துப் பிடித்தாள். காலாலேயே தரையை உந்தி, ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து வைத்து... வண்டி எழுந்தது. எந்த வண்டியை அவளால் அசைக்க முடியாது என்று நான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேனோ, அதே வண்டி!

"காலை எடு நைனா. சீக்கிரம் எடு."

எடுத்தேன். சாவியோடு வந்த ஆரோக்கியம் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு வந்து வண்டியை வாங்கிக்கொண்டார்.

"பாப்பா எங்க கத்துக்கிச்சு இத?"

"வீடியோலதாண்ணே. எங்க நைனா பாத்த வீடியோ."

எனக்கு சுருக்கென்றது. "நான் பாத்த வீடியோவா?"

கீர்த்தி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கணுக்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உன் போனும் நம்ம வீட்டு டிவியும் ஒரே அக்கவுண்ட்டு நைனா. நீ எதைப் பாத்தாலும் டிவியைப் போட்டா மொதல்ல அதான் வருது. புதுசா ஓட்றவங்களுக்கு ஏத்த வண்டி எது, விழுந்தா எப்பிடித் தூக்கறது, எல்லாம் பாத்திருக்க. டர்ட் பைக் விபத்து மட்டும் பதினோரு வீடியோ."

"அப்போ நான் சொன்னதுக்கெல்லாம் சரி சரின்னியே..."

"நீ எதையெல்லாம் வேணாம்னு சொன்னியோ அதையெல்லாம் எழுதி வெச்சுக்கினேன். சின்னது, லேசானது, தாழ்வானது. அந்தப் பச்சை வண்டிக்கு எல்லாமே சரியா இருக்குது. நல்லா தேடித்தான் குடுத்திருக்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது.

"பயமா இருந்துச்சும்மா" என்றேன். அன்றைக்கே சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை, ஷெட் தரையில் உட்கார்ந்துகொண்டு வந்தது.

"எனக்கும்தான் இருக்குது. அதுக்குத்தான் உன்னைக் கூட வான்னு கூப்பிட்டேன்" என்றாள்.

கால் உடையவில்லை. சுளுக்குதான். கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

நேற்று குட்டியானையில் பச்சை வண்டியை ஏற்றிக்கொண்டு வல்லத்தில் இருக்கும் என் மைத்துனரின் கொல்லைக்குப் போனோம். வேர்க்கடலை பிடுங்கிக் காலியாகக் கிடந்த நிலம். ஓரத்தில் ஒரு சின்னக் கல்மேடு. ஹெல்மெட், கவசம், பூட்ஸ் என்று கீர்த்தி அடையாளமே தெரியவில்லை. வண்டியைத் தேங்காய் உடைக்காமல் தொடக் கூடாது என்று செல்வி பிடித்த பிடியில் தேங்காயும் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. ஆரோக்கியம் வேப்ப மரத்தடியில் நின்று கையாட்டினார்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. முதல் வளைவிலேயே விழுந்தாள். நான் கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டு எழுந்தேன். தூரத்திலிருந்தே கையைக் காட்டினாள்... உட்காரு! உட்கார்ந்தேன். அவளே தூக்கினாள். இன்னும் இரண்டு முறை விழுந்தாள். இரண்டு முறையும் நான் எழுந்தேன், அவள் கையைக் காட்டினாள், நான் உட்கார்ந்தேன். நாலாவது சுற்றில் கல்மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போனாள். சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் மறுபடி இந்தப் பக்கம் திரும்புகிற வரைக்கும் நான் மூச்சு விட்டதாக ஞாபகம் இல்லை.

செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வண்டிக்குப் பின்னால ஒரு சீட்டு இருந்திருக்கலாம்ங்க."

"எதுக்கு? நீ உக்காந்து போறதுக்கா?"

"நான் எதுக்கு? நீங்க உக்காந்துனு போவத்தான். இல்லன்னா உங்களுக்கு உசுரே நிக்காது போலிருக்குதே!"

அந்த சீட்டு இல்லாத வண்டியாகப் பார்த்துத்தான் என் மகள் வாங்கியிருக்கிறாள்.