கொடுப்பதற்கேற்ற உடல்

என் மனைவியின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தபின், என்னுடையவற்றுள் ஒன்றை அவளுக்குப் பொருத்தலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இரத்தப் பிரிவு ஒத்திருந்தது. மற்றச் சோதனைகளிலும் தடையேதும் தென்படவில்லை. என் எடை ஒன்றுதான் வழிமறித்தது. “இந்த உடம்போடு உங்களை அறுவை மேசையில் ஏற்ற மாட்டேன். குறைத்துக்கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம்” என்று அறுவை மருத்துவர் இந்தியில் சொன்னார். குரலில் கடுமை இல்லை. அடுத்த நோயாளியின் தாள்களை அவர் அப்போதே கையில் எடுத்துவிட்டார்.

அன்றுமுதல் நான் நண்பகலுக்கு முன் உண்பதில்லை. விளக்கு வைத்தபின்னும் உண்பதில்லை. இடைப்பட்ட பொழுதுக்குள் இரண்டு வேளை உணவு. மற்ற நேரங்களில் வெந்நீரும் பாலில்லாத காப்பியும். விடியலில், தாபோடியில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னாலுள்ள மைதானத்தைச் சுற்றி, மூட்டு வலிக்க வலிக்க விரைந்து நடப்பேன். பிறகு குளித்து, பிம்ப்ரியிலுள்ள ஆலைக்கு வேலைக்குப் போய், நண்பகலில் உண்ண வீட்டுக்கு வருவேன். பசியைச் சில வாரங்களில் பழகிக்கொள்ள முடிந்தது. முந்தைய நாள் எடுத்த அதே முடிவை ஒவ்வொரு காலையிலும் புதிதாக எடுக்க வேண்டியிருந்ததே என்னைக் களைக்க வைத்தது.

வீட்டில் ஒருவர் தாகத்தோடும் ஒருவர் பசியோடும் இருந்தோம். அவள் நாள் முழுவதும் குடிக்கக்கூடிய நீர் ஒரு சிறிய புட்டியில் அடங்கிவிடும். அவளுக்கான காய்களை வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டு, உப்பைக் கிள்ளிப் போட்டுச் சமைக்க வேண்டும். டயாலிசிஸ் இல்லாத நாள்களில், அந்தச் சமையல் முடிந்த கையோடு எனக்கென்று வேறொன்றைத் தொடங்குவாள்: வற்றல்குழம்பு, முறுகலான உருளைக்கிழங்கு வறுவல், நெய் மிதக்கும் பருப்பு, பொரித்த அப்பளம். எல்லாம் அவள் வாயில் வைக்கக் கூடாதவை.

“இவ்வளவு எதுக்கு?”

“நேத்து சாயங்காலத்துலேருந்து பட்டினி கிடக்கறீங்க. ஆளைக் கொன்னுட்டு கிட்னி எடுக்கணும்னு டாக்டர் சொன்னாரா?”

சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி சோறு விழும். சமைத்த களைப்பில் சுவரில் சாய்ந்து நிற்பவளிடம், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எதிர்வீட்டில் ஒரு மராத்தி அம்மையார் இருந்தார். என்னைக் கணவரின் தம்பியாகப் பாவித்து ‘பாவுஜி’ என்றே கூப்பிடுவார். நான் காலையில் ஒன்றும் உண்பதில்லை என்றறிந்ததும், மனைவிக்காக நோன்பிருக்கிறேன் என்று தாமே முடிவுகட்டிக்கொண்டார். “எங்களில் பெண்டாட்டிதான் புருஷனுக்காக நோன்பிருந்து ஆலமரத்தைச் சுற்றுவாள், பாவுஜி. பெண்டாட்டிக்காக மைதானத்தைச் சுற்றுகிற புருஷனை இப்போதுதான் பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் எனக்காக ஒரு டீயைக்கூட விடமாட்டார்” என்றார். உள்ளேயிருந்து அவர் கணவர், “டீயை விட்டால் உன்னோடு எப்படிக் காலம் தள்ளுவது?” என்று கேட்டது வாசல்வரை வந்தது.

நோன்பாளிக்கு உகந்தது என்று அந்த அம்மையார் ஜவ்வரிசிக் கிச்சடி கொண்டுவரத் தொடங்கினார். ஜவ்வரிசி, வேர்க்கடலை, நெய்: விரத நாளில் அந்த ஊரே உண்பது, எடை குறைக்க நினைப்பவன் அஞ்ச வேண்டியது. இது வேறு வகைப் பட்டினி என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் விளக்க முயன்றேன். “கொண்டுவந்து கொடுத்ததைத் திருப்பி அனுப்புவாங்களா?” என்று என் மனைவி தட்டை எடுத்துவைத்தாள். வாரந்தோறும் கிச்சடி வந்தது. வாரந்தோறும் உண்டேன்.

மறுபடி மருத்துவமனைக்குச் சென்றபோது என் எடை சற்றே குறைந்திருந்தது. போதாது என்றார் மருத்துவர். இன்னும் சில மாதம் முயன்றுவிட்டு வரச் சொன்னார். நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். நெடுநேரம் இறுக்கிப் பிடித்திருந்த எதையோ விட்டவள்போல் அவள் தோள்கள் தளர்ந்திருந்தன.

பேருந்து நிறுத்தத்தில் வெயில் காய்ந்தது. ஊசிகள் ஏறி ஏறித் தடித்திருந்த தன் இடக்கையை அவள் முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“உனக்கு நிம்மதியா இருக்கு, இல்ல?”

“இருக்கு.” பேருந்து வருகிறதா என்று சாலையைப் பார்த்தாள். “கிச்சடி செஞ்சு தரச்சொல்லி நான்தான் எதிர்வீட்டு அக்காகிட்ட கேட்டேன். அவங்களைத் தப்பா நினைக்காதீங்க.”

உடனே கோபம் வரவில்லை. விடியலில் நடந்த நடையெல்லாம் கால்களில் கனத்தது.

“ஏன்?”

“டயாலிசிஸ் முடிஞ்சு ஊசியைப் பிடுங்கினதும் எனக்குத் தலை சுத்தும். நீங்க வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்க. உங்களையும் அறுத்துப் படுக்க வெச்சுட்டா, யார் யாரைக் கூட்டிட்டுப் போறது?”

“கொஞ்ச நாள்தான். அப்புறம் ரெண்டு பேரும் எழுந்துடுவோம்.”

“டாக்டர் மாதிரி பேசாதீங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவர் அடுத்த கேஸைப் பார்க்கப் போயிடுவாரு.”

“நீ உள்ள படுத்திருக்க, நான் வெளிய பெஞ்சில உக்காந்திருக்கேனே, அது மட்டும் நல்லா இருக்கா?”

“எனக்குப் பழகிடுச்சு.”

“எனக்குப் பழகல.”

பேருந்து வந்தது. அவளுக்கு இடம் கிடைத்தது. நான் அருகில் கம்பியைப் பிடித்து நின்றேன். தாபோடிவரை அவள் சன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் விடுமுறை. நண்பகலில் என் தட்டில் கொஞ்சம் சோறும் வடித்த சுரைக்காயும் இருந்தன. அவள் தட்டிலும் அவையே.

“எனக்கும் இதுவேவா?”

“ரெண்டு சமையல் என்னால ஆகல” என்றாள். உட்கார்ந்தபின், “நான் சம்மதிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க” என்றாள்.

“நினைக்கல.”

“உப்பு வேணும்னா போட்டுக்குங்க.”

போட்டுக்கொண்டேன், போடாமல் அதை விழுங்க முடியவில்லை. தட்டு காலியானபின்னும் எனக்குப் பசி அடங்கவில்லை. அது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் தட்டையும் சோற்றுப் பாத்திரத்தையும் பார்த்தாள். பிறகு பாத்திரத்தை மூடினாள்.